அம்மா பார்த்த வளையம்

எங்கள் வீட்டில் சனி கிரகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர் அம்மா. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் வளையம் போட்ட அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து, அது நிஜமாகவே அப்படித்தான் இருக்குமா, இல்லை வரைந்தவர் அழகுக்குச் சேர்த்ததா என்று அவருக்கு ஒரு சந்தேகம். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்று, ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, எனக்குப் பத்து வயதான பிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. அவர் அப்பாவின் அக்கா. புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருந்தார். "ஊரே எள்ளு விளக்கு ஏத்தி, அவரு பார்வை நம்ம மேல படக்கூடாதுன்னு கும்பிடுது. நீ குழாய் வெச்சுப் பார்க்கணுங்கிற. நாம பார்த்தா அவரும் பார்ப்பாரு லா," என்றார். அம்மா சிரித்ததோடு சரி.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். செகிஞ்சானில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவருக்கு, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைச் சரிசெய்யப் போனபோது, அவர் வீட்டு ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த தொலைநோக்கியைக் கண்டார். ஆசிரியர் தன் மகனுடைய வீட்டுக்குக் குடிபோகவிருந்தார். எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார். என் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். அடியில் இருக்கும் குழிக்கண்ணாடி ஒளியைச் சேர்க்கும். மேல்முனைக்குப் பக்கத்தில், குழாயின் விலாவில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் ஃபோக்கஸர் இருந்தது. கண்வில்லையைத் தாங்கிக்கொண்டு, குமிழைத் திருகினால் முன்னும் பின்னும் நகர்ந்து காட்சியைத் தெளிவாக்கும் பாகம்.

எங்களுக்கு வாய்த்தது பிளாஸ்டிக். பல் தேய்ந்து கடகடவென்று ஆடியது. குமிழைத் தொட்டாலே நிலா துள்ளி ஓடிவிடும். பொறுமையாக நின்றால் அப்பாவுக்கும் எனக்கும் ஒருவழியாகத் தெரிந்துவிடும். அம்மாவுக்கு மட்டும் பிடிபடாது. "கலங்கலா இருக்குங்க," என்பார். அப்பா குற்றத்தை ஃபோக்கஸர் மேல் போட்டார். எங்கள் மூவருக்கும் அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தொழிற்சாலையிலும் அந்தச் சமயத்தில்தான் அம்மாவைப் பரிசோதனைப் பிரிவிலிருந்து பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பரிசோதனைப் பிரிவில் கொடுத்திருந்த மைக்ராஸ்கோப்பும் மட்டமாம். நமக்கு வாய்க்கிற கருவி எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா வரவழைத்த புது ஃபோக்கஸர் தபாலில் வந்தது. முழுக்க உலோகம். பல்லே கிடையாது, உருளைகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய குமிழை ஒட்டி, மெல்ல மெல்ல நகர்த்துவதற்கென்று சின்னக் குமிழ் ஒன்று. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் திருகித் திருகிப் பார்த்தார். "வெண்ணெய் மாதிரி போகுது," என்றார்.

பழைய ஓட்டைகளுக்கு அது பொருந்தவில்லை. சனிக்கிழமை மதியம், கார் நிறுத்தும் இடத்தில் அம்மா குழாயை இறுகப் பிடித்துக்கொள்ள, அப்பா புதிதாகத் துளை போட்டு அதைப் பொருத்தினார். மாலையில் குழாயை நிலாவை நோக்கி வைத்தோம். அப்பா திருகினார், திருகினார், ஃபோக்கஸர் உள்ளே போகக்கூடிய கடைசி எல்லை வரை திருகினார். நிலா வெறும் வெளிச்சக் களிம்பாகத்தான் நின்றது. புதுப் பாகம் பழையதைவிட உயரம். இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போனால்தான் காட்சி தெளியும், போக இடமில்லை.

"உங்களுக்கும் தெரியலையா?" என்று அம்மா கேட்டார். "நெசமாவா?"

"யாருக்குமே தெரியாது. அளவு தப்பிப்போச்சு."

அம்மா என்னைப் பார்க்கச் சொன்னார். எனக்கும் தெரியவில்லை என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நாள் உழைப்பு வீணாய்ப் போனதற்கு ஒருவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பாடிக்கொண்டே தோசை சுட உள்ளே போனார்.

அவர் போனபின் அப்பா குழாயை ஒரு நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளையாய் ஒரு வட்டம், நடுவில் கறுப்பு ஓட்டை. "உளுந்து வடை!" என்றேன். அது நட்சத்திரம் இல்லை, குழாய்க்குள் இருக்கிற சின்னக் கண்ணாடியின் நிழல்தான் அந்த ஓட்டை. வடை தெரிந்தால் ஃபோக்கஸ் சேரவில்லை என்று அர்த்தம் என்றார்.

அடுத்த வாரம் அப்பா குழிக்கண்ணாடியைக் கழற்றி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றி வைத்துவிட்டு, அதன் இருக்கையை ஓர் அங்குலம் மேலே ஏற்றினார். மூன்று முறை அளந்தார். 'ஏறக்குறைய' என்ற சொல்லையே பொறுக்காத மனிதர்.

மசூதியில் மாலைத் தொழுகை முடிந்து, செம்பனை மரங்களுக்கு மேலே சனி மஞ்சள் புள்ளியாய் வந்து நின்றது. அப்பா சின்னக் குமிழைத் திருகினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். பிறகு விலகி நின்று, "வா, வந்து பாரு," என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். கை குமிழுக்குப் போனது. திருகிக்கொண்டே இருந்தார். திடீரென்று, "தெரியுதுங்க! வளையம் தெரியுது! எவ்ளோ பெருசு! நடுவுல கறுப்பா..." என்று சிறுமிபோல் கத்தினார்.

அடுத்து நான். கண்ணை வைத்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வடை. குமிழைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தேன். வடை சுருங்கியது, சுருங்கியது, சட்டென்று அரிசி அளவில் ஒரு மணி. அதைச் சுற்றி, நகத்தால் கீறியதுபோல் ஒரு வளையம். "அம்மா, நீங்க பார்த்தது சனி இல்ல, வடை!"

"சும்மா இரு," என்றார் அப்பா. என்னை விலக்கிவிட்டுத் தானே பார்த்தார். பின் குமிழின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "இப்ப பாரு. திருகாம பாரு," என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா பார்த்தார். ஒரு கண்ணால், பிறகு மற்றக் கண்ணால்.

"இருட்டா இருக்குங்க."

அப்பா விரலை எடுத்துவிட்டார். அம்மாவின் கை குமிழைத் தேடிப் பிடித்து, மறுபடி திருகியது. "இதோ. வந்துருச்சு பாருங்க. இதுதானே?"

"ஆமா," என்றார் அப்பா. "அதான் வளையம்."

ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற அப்பா, என் கண்ணெதிரில் பொய் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். என் தோளில் அவர் கை அழுந்தியது.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டார். இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். நான் அத்தை வீட்டில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தேன். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் அம்மாவின் கண்ணுக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். லேசர், அறுவை, மறுபடி லேசர் என்று இரண்டு வருடம் ஓடியது. இப்போது அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும், சனியின் வளையத்தைத் தன் கண்ணாலேயே பார்த்த கதையைச் சொல்வார். சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார், அவ்வளவு பெரிதாக. நான் திருத்துவதில்லை.

எனக்குத் திரும்ப வேண்டியதெல்லாம் வளையம் பார்த்த அந்த இரவில் ஒரு கால்மணி நேரம்தான். சாப்பிட்டு முடித்து, அம்மா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அப்பா பொய் சொன்ன கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு என் பக்கம் திரும்பி, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? சொல்லேன்," என்றார்.

"நீங்கதான் பார்த்தீங்களே," என்றேன்.

"பார்த்தேன். நீ சொல்லு."

பார்த்துவிட்டவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? நான் எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டேன்.