கட்டாயப் பாஸும் காலை டிரிப்பும்

1. முதல் நாள் பாடம்

நான் கண்டக்டராகச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்டது டிக்கெட் கிழிப்பதை அல்ல. வண்டியை எங்கே நிறுத்தக் கூடாது என்பதைத்தான். அன்றைக்கு எனக்கு வாய்த்த சீனியர் டிரைவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "ஸ்டாப்புல பாஸ் கூட்டம் நின்னா நான் தாண்டிப் போய்த்தான் நிப்பாட்டுவேன். டிக்கெட் ஆளு இறங்குனதும் விசில் குடுத்திரணும்வே. அவனுவ ஓடி வாரதுக்குள்ள எடுத்திருவோம்."

பாஸ் வைத்திருக்கும் மாணவன் டிக்கெட் வாங்க மாட்டான். வசூலோ டிக்கெட்டில்தான் கணக்கு. வசூல் கூடினால் எங்களுக்குப் படி கூடும், குறைந்தால் டெப்போவில் வசவு. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவதைத் திருநெல்வேலிப் பக்கம் பார்க்காதவர் கிடையாது. அவர்கள் நேரத்துக்கு வராததால் ஓடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்த வேலை பிடிக்காது. விசிலைத் தாமதித்துத்தான் ஊதுவேன். அதற்காக எத்தனையோ டிரைவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். "பாய்க்கு மூச்சு வாங்குது, ஊத முடியல" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

2. ஆடிட்டோரியத்தில் நடந்தது

என் சர்வீஸின் கடைசியில் முக்கூடல் ரூட். முக்கூடலில் புறப்பட்டு சேரன்மகாதேவி, பேட்டை வழியாக ஜங்ஷன் வந்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம் வரை போகும் காலை டிரிப். அந்தப் பல்கலைக்கழகம் திடீரென்று ஓர் அறிவிப்புப் போட்டது. இனி எல்லா மாணவர்களும் பஸ் பாஸ் எடுக்க வேண்டும், கட்டணத்தோடு சேர்த்தே பிடித்துக்கொள்வோம் என்று.

எதிர்ப்பு கிளம்பியதும் ஆடிட்டோரியத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் டெப்போ மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பைக்கில் வருகிறவர்கள் எங்களுக்கு எதற்கு என்றார்கள். ஹாஸ்டலில் இருப்பவர்கள் நாங்கள் எங்கே போகப்போகிறோம் என்றார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சும்மாதானே, அதற்குப் பாஸா என்று டவுன் பெண்கள் கேட்டார்கள். ஒரு பையன் எழுந்து, தன் வீட்டு வாசலில் நின்றால் பல்கலைக்கழக கேட் தெரியும் என்றும், எங்கே ஏறி எங்கே இறங்குவதென்று மேடையில் இருக்கிறவர்களே சொல்லட்டும் என்றும் கேட்டான். சபையே சிரித்தது.

அப்போதுதான் மாரிச்செல்வி எழுந்தாள். என் வண்டியில் தினமும் வருகிற பெண், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மாஞ்சோலை எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்து முக்கூடலுக்குப் பக்கத்தில் குடியேறிய குடும்பம். தேயிலை பறித்துப் பழகிய அவளுடைய அம்மா இப்போது பீடி சுற்றப் பழகிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் டவுன் பஸ் கிடையாது. எங்கள் ரூட் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசமும் கிடையாது.

"பைக் இருக்கவங்களுக்கு இது வெட்டிச் செலவுதான். எனக்கு அது தெரியுது. ஆனா பஸ்ஸ விட்டா வேற வழி இல்லாதவங்களும் இங்க இருக்கோம். எல்லாரும் பாஸ் எடுத்தாத்தான் எங்க ஸ்டாப்புல பஸ் நிக்கும்னு சொல்லுதாங்க. அதனால நான் இதுக்குச் சம்மதிக்கேன்."

பின்வரிசையில் ஊளையிட்டார்கள். கூட வந்த தோழிகளே அவளை முறைத்தார்கள். எங்கள் மேனேஜருக்கோ வாயெல்லாம் பல். மைக்கைப் பிடித்து, இந்தப் பிள்ளை சொன்னதுதான் நியாயம், இனி காலை டிரிப்பில் யாரும் கை வைக்க முடியாது, கூடுதல் வண்டியும் விடுவோம் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அவளுடைய தைரியத்துக்காக.

3. காற்று வாங்கிய மெஷின்

பாஸ் வந்தது. கூடுதல் வண்டி வரவில்லை. ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். அதுவரை பாதி மாணவர்கள் பாஸ் எடுக்க அலுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கித்தான் வந்தார்கள். அந்த டிக்கெட்டில்தான் காலை டிரிப் பிழைத்துக் கிடந்தது. இப்போது எல்லார் கையிலும் பாஸ். பேட்டை தாண்டுவதற்குள் படிக்கட்டு வரை ஆள் தொங்கும், என் டிக்கெட் மெஷினோ சும்மா கிடக்கும். பாஸ் பணம் முழுவதும் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. எங்கள் டிரிப்பின் வசூலில் அது ஒரு பைசாகூட ஏறவில்லை. ஊரிலேயே அதிகக் கூட்டம் ஏறிய வண்டி, ரிப்போர்ட்டில் ஆளே ஏறாத வண்டி ஆகிவிட்டது.

என்னோடு ஓட்டிய சுடலைமுத்து அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். படி குறைந்ததும் அவருக்கும் கால் பிரேக்குக்குப் போக மறுத்தது. ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்த ஆரம்பித்தார், பிறகு நிறுத்தாமலே போனார். நிறுத்தச் சொல்லி நான் விசில் ஊதுவேன். அவருக்குக் காது கேட்காது. சண்டை போட்டால், "பாஸ்தான வச்சிருக்காவ, அடுத்த வண்டில வரட்டும்" என்பார். கட்டாயப் பாஸ் வந்ததால் ஏற்பட்ட முன்னேற்றம் இது. முன்பு சில பேரைத்தான் ஓட விட்டோம், இப்போது எல்லாரையும் ஓட விட்டோம்.

அப்புறம் ஒரு நாள் டிரிப்பையே எடுத்துவிட்டார்கள். நஷ்டம் என்று காரணம் எழுதி, வண்டியை ஆழ்வார்திருநகரி ரூட்டில் போட்டார்கள். நான் மேனேஜரிடம் போய், நிற்க இடமில்லாத வண்டி எப்படி நஷ்டமாகும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"ஆளு தொங்கிட்டு வாரது எனக்குத் தெரியாதா பாய்? நானும் தினம் பாக்கத்தான் செய்யுதேன். மெஷின்ல விழாத ஆளு, மேல உள்ளவங்களுக்கு ஆளே கிடையாதுவே. நான் என்ன செய்ய?"

மேடையில் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினேன். டீ ஆறுகிறது, குடியும் என்றார்.

4. அடுத்த வண்டி

அடுத்த வண்டியில் வந்தால் முதல் பீரியட் முடிந்திருக்கும். மாரிச்செல்விக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துகொண்டே வந்தது. அவளுடைய அப்பா டிபார்ட்மெண்டில் போய்க் கெஞ்சியிருக்கிறார். பல்கலைக்கழகம்தான் பஸ் வசதி செய்து கொடுத்திருக்கிறதே, அப்புறம் பஸ் இல்லை என்று காரணம் சொன்னால் எப்படி என்று கேட்டார்களாம். பாஸ் கொடுத்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பரீட்சை எழுத விடவில்லை. ஸ்காலர்ஷிப்பும் அதோடு நின்றது. பல்கலைக்கழக கேட்டுக்கு எதிர்வீட்டுப் பையனுக்கு மட்டும் அட்டெண்டன்ஸ் முழுசாக இருந்தது. அவன் நடந்து வந்தான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ரிட்டயர் ஆன பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முக்கூடல் போயிருந்தேன். மறுநாள் காலையில் திரும்ப வரும்போது ஸ்டாப்பில் அவள் நின்றாள். கையில் டிபன் பை, சட்டையில் டவுன் ஜவுளிக்கடை ஒன்றின் பேட்ஜ். படிப்பை விட்டுவிட்டதாகவும் வேலைக்குப் போவதாகவும் சொன்னாள். அன்றைக்கு நீ எழுந்து பேசியிருக்க வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பேசியதில் என்ன தப்பு?

தூரத்தில் எங்கள் டெப்போ வண்டி வந்தது. அவளிடம் பாஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு மாமா. வருஷம் முடியுத வரைக்கும் செல்லும்."

வண்டி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. யார் டிரைவர் என்று தெரியவில்லை, ஆனால் எந்தப் பாடத்தைப் படித்து வந்தவர் என்று தெரிந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களோடு ஓட நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். மாரிச்செல்வி அசையவில்லை.

"நீங்க ஓடாதீங்க மாமா. பின்னால பிரைவேட் வண்டி வருது. டிக்கெட் எடுத்தா அது நிக்கும்."

நாங்கள் விட்ட காலைக் கூட்டத்தை அந்த பிரைவேட்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி சரியாக அவள் காலடியில் வந்து நின்றது. எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள், நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற கண்டக்டர்கள் யாராவது இதைப் படித்தால், என் சர்வீஸில் நான் கற்றது இவ்வளவுதான். பாஸைக் கட்டாயமாக்க ஒரு கூட்டம் போதும். வண்டி நிற்பதைக் கட்டாயமாக்க இன்றுவரை யாரும் கூட்டம் போடவில்லை. அதுவரைக்கும் விசில் உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகள் ஏறி முடிக்கிற வரை அதை ஊதாதீர்கள்.