டேனியலுக்கு நான் சேர்க்காத இரண்டு புள்ளிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தாம்பரத்தில் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயங்களுக்குப் புள்ளி குறிக்கப் போவேன். அந்த வருடம் ஐந்து பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டி, ஒரு மில் முதலாளியின் மகன்தான் சாம்பியன் என்று அறிவித்தேன். முடிச்சூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த டேனியல் ஒரே ஒரு புள்ளியில் இரண்டாவது இடம்.

கோப்பை கொடுப்பதற்குள் டேனியல் என்னிடம் ஓடிவந்தார். "சார், மொத ரேஸ்ல எல்லாரையும் விட வேகமா ஒரு ரவுண்டு போனது நான்தான். அதுக்கு ரெண்டு பாயிண்ட் கீது. சேத்தீங்களா?"

"கணக்கு வாத்தியார் நீயா, நானா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது.

வீட்டுக்கு வந்து தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். அந்த இரண்டு புள்ளிகளை நான் சேர்க்கவே இல்லை.

மறுநாளே பந்தயம் நடத்திய கிளப்பின் செயலாளரிடம் ஓடினேன். "அந்தப் பையன் கோப்பையோட நிக்கிற போட்டோ பேப்பர்ல வந்தாச்சு. இனிமே கிளறாதீங்க சார்," என்றார். மூன்று முறை போயும் அதே பதில்தான்.

கடைசியில் ஒர்க்‌ஷாப்புக்கே போய், "தப்பு என்னுதுதான். நீங்கதான் சாம்பியன்னு எழுதித் தரேன்," என்றேன்.

டேனியல் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத்தான் தெரியுமே சார். அன்னிக்கு சிரிச்சாங்களே, அவங்களுக்கெல்லாம் யாரு எழுதிக் குடுக்கிறது?"

திரும்பி நடந்தேன். அன்று அவர் கேட்டபோது அந்தப் புள்ளித் தாள்கள் என் கையில்தான் இருந்தன. ஒரு நிமிடம் புரட்டிப் பார்க்க மனம் வராத என் மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.