நான்காம் மாடிக்கு வந்த காற்று

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் உச்சி வீட்டைச் சரோஜினிதேவி வாங்கியதே காற்றுக்காகத்தான். மேற்கு யன்னலால் நுழையும் கடற்காற்று கூடத்தைக் கடந்து குசினி யன்னலால் வெளியேறும். பாரிசவாதத்தில் விழுந்த கணவர் நமசிவாயத்தின் கட்டிலை அந்தப் பாதையிலேயே போட்டிருந்தார்.

பிறகு கடற்பக்கக் காணியில் ஒன்பது மாடி எழுந்தது. பின்னேர வெயில் மறைந்தது, காற்றும் நின்றுபோனது. புதுக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் அவர்களுடைய யன்னலை நோக்கி அனலை ஊதின. இந்த வீட்டுக்கும் ஏசி பூட்டலாமென்றால், பழைய வயரிங் தாங்காது என்று மின்வேலைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மொட்டைமாடி பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் கீழே இறக்கியது. நமசிவாயத்தின் முதுகு புண்ணானது.

சரோஜினிதேவி புதுக் கட்டடத்து எஞ்சினியர் ரிம்ஸானிடம் போய் நின்றார்.

"எங்கட காத்தை மறிச்சுப்போட்டியள். இவர் என்னெண்டு தம்பி படுக்கிறது?"

ரிம்ஸான் வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தான். "சூட்டுக் காத்து மேல போக வழி இல்ல அன்ரி. வாசலுக்கு மேல சுவரை வெட்டிக் காத்துப் போக வழி விடுங்க. படிக்கட்டு உச்சியில ஈக்கிற கண்ணாடி யன்னலைத் திறந்து விடுங்க. மொட்டைமாடிக்கு வெள்ளை அடிங்க."

எல்லாம் செய்வித்தார். வெள்ளையைத் தானே அடித்தார். மறுநாள் மத்தியானம் திரைச்சீலை அசைந்தது. "காத்து," என்றார் நமசிவாயம், நாக்குக் குழற.

சித்திரை வெக்கையில் ஒருநாள் சரோஜினிதேவி கணவருக்கு மருந்தெடுக்கக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போனார். வரிசை நீண்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு பாண் சுடும் போறணையாகக் கொதித்தது. நமசிவாயத்தின் உடம்பு வியர்வையே இல்லாமல் சுட்டது. கண் செருகியிருந்தது. அயலவர்கள் படிகளால் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கவேயில்லை.

செத்தவீட்டுக்குத் தொடர்மாடிச் சங்கத் தலைவர் சவுந்தரநாயகம் வந்தார்.

"மேல கண்ணாடியைப் பூட்டினது நீங்களோ?" என்று கேட்டார் சரோஜினிதேவி.

"ஓம் அக்கா. காகம் வந்து படியெல்லாம் அசிங்கம் எண்டு எல்லாரும் முறைப்பாடு. ஐயா தனிய இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது."

"கதவைத் தட்டிப் பாத்திருக்கலாம்."

வயதுபோன இருதயம், சூடு மட்டும்தான் காரணமென்று சொல்ல முடியாது என்றிருந்தார் ஆஸ்பத்திரி டொக்டர். அதற்குமேல் யாரிடம் கேட்பது?

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் சவுந்தரநாயகமே ஆள் பிடித்து உச்சியில் கம்பிவலை அடித்தார். கண்ணாடி இப்போது எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. கீழ்மாடிக்காரர்களும் வாசலுக்கு மேலே சுவரை வெட்டுகிறார்கள்.

கூடத்துக்குக் காற்று வருகிறது. சரோஜினிதேவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.