கோலாலம்பூரில் துவைத்த சட்டை

கோலாலம்பூருக்குப் போனவர்கள் எல்லாரும் இரட்டைக் கோபுரத்துக்கு நடுவே இருக்கும் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் குடும்பம் அந்த ஊருக்குப் போய்த் துணி துவைத்துவிட்டு வந்தது. நான் நான்காம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருந்த கோடை அது.

அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். நாங்கள் இருந்தது திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில். பெரிய கம்பெனி ஒன்று வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியை வீட்டை ஒட்டிய ஷெட்டில் தைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில். தைத்த ஒவ்வொரு பீசையும் புரட்டிப் பார்த்துத் தேறும் தேறாது என்று சொல்வது அம்மா. அம்மாவின் கையைத் தாண்டி ஒரு கோணல் தையல் வெளியே போகாது என்று அந்த வட்டாரத்தில் பேர்.

அந்தப் பேர் ஒரு மஞ்சள் சட்டையால் போனது. சின்னப் பிள்ளைகள் போடுவது. நெஞ்சில் ஓர் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். துவைத்தால் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடுகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் சரக்கை வேண்டாம் என்றுவிட்டார்கள். துணியை இழுத்துப் பிடித்துத் தைத்ததுதான் காரணம், செக்கிங்கில் உட்கார்ந்திருந்த பொம்பளை தூங்கிவிட்டாள் என்று கம்பெனி மேனேஜர் எங்கள் டெய்லர்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். துணியிலேயே முறுக்கு இருக்கிறது, துவைத்தால் அதுவாகவே கோணும் என்று அம்மா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காட்டுவதற்கு எங்களிடம் ஒரு பீஸ்கூட இல்லை. எல்லாவற்றையும் அவர்களே ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு வேலையும் வரவில்லை. அப்பா மெஷின்களுக்கு மேல் பழைய வேட்டிகளைப் போர்த்தி வைத்தார்.

இப்படித் தள்ளிவிட்ட சரக்கெல்லாம் காதர்பேட்டைக்குப் போகும். அங்கே கழுத்து லேபிளைக் கத்தரித்துவிட்டுக் கிலோ கணக்கில் விற்பார்கள். அம்மா அந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். மஞ்சள் சட்டையா, அது மொத்தமாகக் கண்டெய்னரில் போய்விட்டது என்றார்கள். எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று முதல் அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் நாங்கள் விமானம் ஏறினோம். மாமா ஒவ்வொரு நாளுக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தார். முதலில் பத்துமலை முருகன் கோயில். அங்கே படி ஏறும்போதுகூட அம்மா தனக்கு முன்னால் ஏறிய பிள்ளைகளின் சட்டைப் பக்கத் தையலைத்தான் பார்த்துக்கொண்டு ஏறினாள். முருகன் அதைக் கவனித்திருக்க வேண்டும். பெரிய பெரிய மால்களுக்குப் போனோம். எல்லாரும் வாய் பிளந்து மேலே பார்க்க, அம்மா மட்டும் தொங்குகிற சட்டைகளை உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காவலாளி முறைக்கும்போதெல்லாம் மாமா எங்களைத் தெரியாதவர் மாதிரி தள்ளி நின்றுகொண்டார்.

கடைசி நாள் எனக்கு உரிய நாள். பாலத்தில் நிற்கும் படத்தைக் கொண்டுவந்து காட்டுவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மேலே போக மத்தியானத்துக்கு நேரம் குறித்து மாமா டிக்கெட் வாங்கியிருந்தார். போகிற வழியில் ஒரு கடைத்தெரு. இளநீர் குடிக்கலாம் என்று நின்ற இடத்தில், என் கெட்ட நேரம், முதலில் பார்த்தவள் நான்தான்.

“அம்மா, ஒட்டகச்சிவிங்கி!”

ஒரு தள்ளுவண்டியில் மஞ்சளாகக் குவிந்து கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்துக் கழுத்தைப் பார்த்தாள். லேபிள் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. கடைக்காரர் நம் தமிழர்தான். “பிள்ளைக்கா, அக்கா? இந்தியா எக்ஸ்போர்ட் சரக்கு, தையல் நல்லா இருக்கும்” என்றார்.

“தெரியுமுங்க” என்றாள் அம்மா.

அப்புறம் குவியல் முழுவதையும் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தாள். அப்பாவும் பக்கத்தில் போய் நின்று புரட்டினார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“டிக்கெட்டுல நேரம் போட்டிருக்குது அம்மிணி. விட்டா மறுக்காக் கிடைக்காது.”

“கோபுரம் இங்கயேதான் நிக்குமுங்கண்ணா. இந்தச் சட்டை வித்துப் போயிருமுங்க.”

“அப்ப ஒண்ணை வாங்கிக்க. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

“ஊருக்குப் போய்ப் பாத்து, நாஞ் சொன்னது நெசமுன்னா இன்னும் நாலு வாங்க மறுக்கா இங்க வர முடியுமுங்களா?”

குவியல் தீர்ந்தபோது எங்கள் நேரமும் தீர்ந்திருந்தது. அம்மா என் அளவில் இரண்டு சட்டை வாங்கினாள். பாலம் போனால் போகிறது, புதுச்சட்டையாவது கிடைத்ததே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். கோபுரத்தை டாக்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மாமாவின் வீட்டுக்குத் திரும்பினோம்.

உள்ளே நுழைந்ததும் அம்மா கத்தரிக்கோல் கேட்டாள். ஒரு சட்டையை எடுத்து, என் கண்ணெதிரிலேயே தோள், பக்கம், கை என்று எல்லாத் தையலையும் பிரித்துப் போட்டாள். நான் ஓவென்று அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி நூல் படாத வெறும் துணியாகக் கிடந்த முதுகுப்பக்கத்தை மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்து, மாமாவின் அழியாத மைப் பேனாவால் நேரான ஒரு கட்டம் வரைந்தாள். பிறகு அதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நாங்களும் உட்கார்ந்தோம். வேறென்ன செய்வது? ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அம்மா கண்ணாடிக் கதவுக்குள் சுழல்கிற மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டம் நேராகவே வந்துவிட்டால் மேனேஜர் சொன்னது நிஜமாகிவிடும், தூங்கியது தான்தான் என்று ஆகிவிடும். மெஷின் துவைத்து, உலர்த்தி நின்றதும் அம்மா துணியை எடுத்து மேஜையில் போட்டு நீவிவிட்டாள்.

கட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

“ஏனுங்க, பாருங்க” என்றாள் அப்பாவிடம். “தையலே இல்லீங்க. துணி தானாக் கோணிருக்குதுங்க.”

மறுநாள் விடிந்ததும், விமானம் ஏறக் கிளம்பும் முன், முதல் வேலையாக அந்தத் தள்ளுவண்டிக்கு ஓடினார்கள். சாக்லேட்டுக்கென்று வைத்திருந்த பெட்டியில் மஞ்சள் சட்டைகள் வந்து சேர்ந்தன. திருப்பூர் போனதும் அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, துவைத்ததையும் துவைக்காததையும் மேனேஜரின் மேஜையில் விரித்தாள். மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. “துணி குடுத்தவங்ககிட்டப் பேசிக்கறோமுங்க” என்றார். அம்மா நகரவில்லை. நம்ம டெய்லருங்க முன்னால வந்து சொல்லுங்க என்று நின்றாள். அவர் வந்து, குறை துணியில்தான் என்று சொன்னார். சில நாளில் வெட்டின துணிக்கட்டுகளோடு வண்டி வந்தது. அப்பா வேட்டிகளை உருவிப்போட்டார்.

இந்த விவரமெல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்று, மாமா வீட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலம் போனது, சட்டையும் போனது, அந்தக் கட்டமும் கோணலாகப் போனது என்பதுதான். அம்மா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அழாதீங்கம்மா, வேற சட்டை வாங்கிக்கலாம், இது கோணலாப் போச்சு” என்றேன்.

அவள் கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கோணலாத்தான் கண்ணு போகோணும்” என்று என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு அவரும் வருத்தப்படுகிறார் என்று நினைத்து, எனக்கு இன்னும் பலமாக அழுகை வந்தது.