முழு டாங்கில் சீக்கிரம் நின்ற கார்

எங்கள் பட்டறை உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, நல்ல மெக்கானிக் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றி எழுதினால் மலர் போதாது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பிறர் பட்டறையில் எண்ணெய்த் துணி அலசியவன், இன்று பதினெட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறேன். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் என் தங்கையைப் பற்றி எழுதுகிறேன். அவள் எந்தப் பட்டறையிலும் வேலை செய்தவள் இல்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். முப்பது வருடமாக அதே நாற்காலி, அதே சக்கரம். அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணமான மறு வருடம் ஒரு பழைய காரை வாங்கினார். அப்போதே அதற்கு வயது பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், வீட்டு முன்னால் பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே தலையை விட்டுக்கொள்வார். அவள் டார்ச் பிடிப்பாள். டார்ச் பிடித்தவள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஸ்பானரை அவளே பிடித்தாள். கடைசியில் டார்ச் மாப்பிள்ளை கைக்குப் போய்விட்டது.

“ஏம்மா, அண்ணன் பட்டறை வச்சிருக்கேன். உனக்கு எதுக்கு இந்தக் கரி வேலை?” என்று கேட்பேன்.

“அங்க வந்தா நீங்க என்னைத் தொடவே விடமாட்டீங்க அண்ணே” என்பாள். அதுவும் உண்மைதான்.

மாப்பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் மெஷின். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம். அந்த மெஷினுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் நீளமானது. மூன்று தடவை அரை மணிக்கு மேல் தாமதமானால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம். பஸ் படி ஏற அவருக்குக் கால் வராது. விடியற்காலையில் வாடகைக் கார் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கார் மக்கர் செய்தது. கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. இருபது, முப்பது நிமிடம் ஓடியதும் இருமும், திணறும், நின்றுவிடும். அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். முதல் தடவை நாற்பது நிமிடம் தாமதம். அடுத்த வாரம் இரண்டு இடத்தில் நின்று ஒரு மணி நேரம். நர்ஸ் அட்டையில் இரண்டாவது கோடு போட்டு, “இன்னும் ஒண்ணுதான்” என்றாராம்.

நான் சும்மா இருப்பேனா? என் காரையும் டிரைவரையும் மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். அவர்கள் காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தேன். என் தலைமை மெக்கானிக்கைக் காதுக்காரர் என்போம். நீளமான ஸ்குரூடிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். “சூடேறினா நிக்குது, காயில்தான் முதலாளி” என்றார். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் அந்தக் காயிலை மாற்றினோம். ஓடியது. தங்கை மறுநாள் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தாள், நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினோம். எங்களிடம் ஓடியது, அவளிடம் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். அதே கதை.

எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த வண்டிக்கு என் செலவில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, பத்து நிமிடம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன். வேறு எந்த முதலாளி இதைச் செய்கிறான்? இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் என் டிரைவர் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாக இருந்தது. எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி, ஓட்டக் கூடாது என்றிருந்தார்கள். வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன்.

“அந்த ஆளுக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும் அண்ணே. இவரோட இடம் போயிடும். என் வண்டி ஓடணும்” என்றாள். சத்தம் போடவில்லை. அவள் குரலில் அப்போதெல்லாம் ஏற்ற இறக்கமே இருக்காது.

சனிக்கிழமை மதியம் காதுக்காரரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு நோட்டைக் காட்டினாள். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு நின்றது, அப்போது பெட்ரோல் முள் எங்கே இருந்தது என்று எழுதியிருந்தாள்.

“டாங்க் நிறைஞ்சிருந்தா சீக்கிரம் நிக்குது. கொஞ்சமா இருந்தா ரொம்ப நேரம் கழிச்சு நிக்குது.”

காதுக்காரர் சிரித்துவிட்டார். “வயிறு நிறைஞ்சதும் வண்டி படுத்துடுதுங்கறீங்களா?”

“படுக்குதோ உட்காருதோ, முழு டாங்கில இருபத்திரண்டு நிமிஷம். வாங்க, ஏறுங்க.”

எப்போதும் டாங்கை நிரப்பியே வைத்திரு என்று அவளுக்குச் சொன்னவன் நான். வழியில் எதற்கும் குறை வரக்கூடாதே என்று.

மூவரும் போனோம். இருபத்தோராவது நிமிடம் ஒரு சிமெண்டுக் கடை வாசலில் வண்டி இருமி நின்றது. காதுக்காரர் பானெட்டைத் திறக்க இறங்கினார். அவள் நேராக வண்டியின் பின்பக்கம் போய், பெட்ரோல் டாங்க் மூடியில் சாவி போட்டுத் திறந்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று உள்ளே போன சத்தம். திரும்பி வந்து சாவியைத் திருகினாள். முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வராது. காற்றுப் போக இரண்டாவது ஓட்டை வேண்டும். டாங்கும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு மூடியில் ஊசித் துளை இருக்கும். இந்த மூடியில் இல்லை. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம்தான். அதனால் சீக்கிரமே வெற்றிடமாகி, பெட்ரோலை வர விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. காத்திருந்தால் மூடி இடுக்கில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும்.

காதுக்காரர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “முதலாளி, நாம மூணு தடவையும் மூடியைத் திறந்து ஒரு லிட்டர் ஊத்தினோம்ல” என்றார்.

“அதான் உங்ககிட்ட ஓடுச்சு” என்றாள் தங்கை.

அந்த மூடியை வாங்கிக் கொடுத்தது நான். அவர்கள் தெருவில் பெட்ரோல் திருடுகிறார்கள் என்று கேட்டு, பூட்டு வைத்த மூடியாகத் தேடி வாங்கி, நானே போய் மாட்டிவிட்டு வந்தேன். கார் நிற்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம். நாற்பது வருடத் தொழில்காரனுக்கு அது தோன்றவில்லை. நடைபாதையில் நின்றேன். வெட்கமா, கோபமா என்று எனக்கே தெரியவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல உடம்பு மரத்திருந்தது.

“பூட்டு நல்ல பூட்டுதான் அண்ணே” என்றாள். பழைய மூடியை மாப்பிள்ளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவர் எதையும் எறிய மாட்டார். அன்றே அதை மாட்டினாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். டாங்க் நிறைய பெட்ரோல். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது. அது கடந்ததும் பின் சீட்டிலிருந்து மாப்பிள்ளை, “மச்சான், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினீங்களாமே. என்னையும் அப்படித்தான் வாரம் மூணு தடவை கழுவுறாங்க. எனக்கும் ஒரு லிட்டர் இலவசமா?” என்றார். நான் சிரித்தேன். தங்கை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நாற்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். அவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலு மணி நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்னாலதான்மா ரெண்டு கோடு விழுந்துச்சு” என்றேன். இந்த வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“ம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “டீ குடிக்கிறீங்களா?” என்றாள்.

அதன்பின் பதினான்கு மாதம். மூன்றாவது கோடு விழவே இல்லை. பிளாட்டினம் பாயிண்ட், ஃபேன் பெல்ட், ஒரு தடவை ரேடியேட்டர் குழாய், எல்லாம் அவளே வீட்டு முன்னால் பார்த்தாள். என் பட்டறைக்கு வண்டி வரவில்லை.

மாப்பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. நானும் அழவில்லை. அடுத்த நாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காலையில் ஏன் வரவில்லை என்று நர்ஸ் கேட்டார். தங்கை சொன்னாள். பிறகு அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டது எனக்கும் கேட்டது.

“கொடுத்துடுங்க” என்றாள். “ஏழு மணிக்கு முன்னாடியே வந்துடச் சொல்லுங்க. லேட்டானா போயிடும்னு சொல்லுங்க.”

போனை வைத்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதேபோல் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.