பனிக்கடலில் அரைகுறையாய்க் கேட்ட சொல்

அயோடின் மாத்திரைகள் இருந்த அந்தத் தகர டப்பா என் உள்ளங்கையில் சில்லிட்டது இன்னும் நினைவிருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், வடதுருவக் கடலில், ஒரு சரக்குக் கப்பலில் நான் மூன்றாம் அதிகாரி. எங்களுக்கு முன்னால் பனியைப் பிளந்து வழி உண்டாக்கிப் போன கப்பல் அணு உலையில் ஓடுவது. அதில் கதிர்வீச்சு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒத்திகை நடத்தும் பொறுப்பு, சேலையூரில் வெயிலில் காய்ந்து வளர்ந்த என் தலையில் விழுந்தது. காற்று வரும் வழிகளை அடைக்க வேண்டும், எல்லோரும் சாப்பாட்டு அறைக்கு வந்துவிட வேண்டும், கேப்டன் சொன்னால் மட்டும் கதிர்வீச்சுக்குத் தடுப்பாக அந்த மாத்திரையைப் போட வேண்டும். மனப்பாடமாகச் சொல்வேன். யாராவது ஏன் என்று கேட்டால் விழிப்பேன்.

கப்பலில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள் ரேடியோ ஆபீசர் அண்ணன், சிங்கப்பெருமாள் கோவில்காரர். ஒரு மதியம் அவர் கேப்டனிடம் ஓடிவந்தார். முன்னால் போகும் கப்பலிலிருந்து தகவல், ஆனால் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. ‘ரிலீஸ்’ என்ற சொல், காற்றின் திசை, விலகிப் போங்கள் என்பது, அவ்வளவுதான் கேட்டதாம். உங்களை விடுவிக்கிறோம், இனி நீங்களே போகலாம் என்கிறார்களா? கதிர்வீச்சு வெளியாகிவிட்டது என்கிறார்களா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே சொல்தான். கேப்டன் அபாய மணியை அடிக்கச் சொன்னார். மாத்திரை கொடுக்கட்டுமா என்றேன். பொறு என்றார்.

அடைத்த அறையில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், ஒத்திகையா, நிஜமா என்று. எனக்கே தெரியவில்லை. மேலே ரேடியோ அறையில் அண்ணன் மட்டும் தனியாக அந்தக் கப்பலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல், கேப்டனுக்குத் தெரியாமல் ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“எல்லாரும் போட்டாச்சா?”

“இல்லண்ணா.”

“அப்போ எனக்கு மட்டும் எதுக்கு? கதவை நல்லா சாத்திட்டுப் போ தம்பி.”

முன்னால் போன கப்பலிலிருந்து பதில் வரவேயில்லை. அந்தக் கப்பல் மூடுபனியில் திரும்பிப் போய்விட்டது. இருட்டியபின் கதவுகளைத் திறந்தோம். ஒத்திகை நன்றாக நடந்தது என்றார் கேப்டன்.

வீடு திரும்பி, நடந்தது ஒத்திகைதான் என்று என் மனைவியிடமும் சொன்னேன். “அப்புறம் ஏன் என் முகத்தைப் பாத்துச் சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்றாள். மறு வருஷம் மகள் வயிற்றிலிருந்தபோது, ஒவ்வொரு முறை டாக்டரிடம் போய்வந்த பிறகும் அதே கேள்வி.

பல வருஷம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்த அண்ணனைப் பார்த்தேன். கப்பலை விட்டுவிட்டாராம். நலம் விசாரித்து முடிப்பதற்குள், அன்றைக்கு அந்த ‘ரிலீஸ்’ எதைச் சொன்னது என்று கேட்டுவிட்டேன்.

“நீங்களே போங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க தம்பி.”

“அப்போ காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஏன் சொல்லணும்?”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். “அதான் எனக்கும் இன்னிவரைக்கும் புரியல. பொண்ணு நல்லா இருக்கா இல்ல?”

“நல்லா இருக்காண்ணா. ஸ்கூலுக்குப் போறா.”

“அப்போ ஒத்திகைன்னே வச்சுக்குவோம்” என்று சொல்லி வண்டியேறினார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன், அண்ணனைப் பார்த்தேன், ஒத்திகைதானாம் என்று. அவள் பெரிய பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டாள். அதன்பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.