சாமிக்குப் போன முதல் ஸ்ட்ராபெரி

எனக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்து, வளப்பூர் நாடு என்கிற ஊரில் வாடகை வீட்டில் குடியேறிய முதல் குளிர்காலம் அது. கணவருக்கு வெளியூர் வேலை; நானும் ஆறு வயது மகளும் மட்டும்தான். தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்த அவளுக்கு மலை பிடிக்கவே இல்லை. பள்ளியில் யாருடனும் பேசமாட்டாள், வீட்டிலும் உம்மென்று இருப்பாள். அவளைச் சிரிக்க வைக்கத்தான் மொட்டை மாடியில் ஸ்ட்ராபெரி வளர்க்க ஆரம்பித்தேன். காலி பெயின்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மாட்டெருவும் கலந்து நாற்று நட்டோம்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. மிளகும் பலாவும் விளைகிற தோட்டம் வைத்திருப்பவர். “ஏனுங்க அம்மிணி, இத்தனை காடு கெடக்கையில வாளிக்குள்ளயா வெள்ளாமை?” என்று கிண்டலடிப்பார். ஆனால் எருவை அவரேதான் சுமந்துவந்து கொட்டுவார்.

செடிகள் பூத்து, ஒரே ஒரு காய் மற்றவற்றை முந்திக்கொண்டு சிவக்கத் தொடங்கியது. விடிந்ததும் மகள் மாடிக்கு ஓடுவாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். மலையில் இருந்த ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லி நாமக்கல்லுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் அவள் அந்தப் பழத்தைப் பற்றியேதான் கேட்டாள். அக்காவுக்குப் போன் செய்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

மருத்துவமனையில் ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போயின. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதையும் சாப்பிட மறுத்த மகள், “பழம் பத்திரமா இருக்குது சாமி, சோறு உண்டுட்டு வெரசா வா” என்று அக்கா போனில் சொன்ன பிறகுதான் இரண்டு வாய் வாங்கினாள்.

ஒருவழியாகத் தேறி வீடு திரும்பினோம். நடக்கத் தெம்பில்லாதவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். செடியில் வெறும் காம்புதான் இருந்தது. மகளின் உதடு பிதுங்கியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“தண்ணிதானே ஊத்தச் சொன்னேன் அக்கா? பழம் எங்கே?”

பின்னாலேயே ஏறி வந்த அக்கா என்னைப் பார்த்தார். “மொத வெளைச்சலைச் சாமிக்கு வெக்காம நாங்க தொடமாட்டோமுங்க. புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கோணும்னு கோயில்ல கொண்டுபோய் வெச்சுப்போட்டேன். சாமிகிட்டப் பத்திரமாத்தானுங்க இருக்குது.” சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். “சாமிக்குப் புடிச்சிருந்துச்சா?”

அக்கா சிரித்தபடி கையை நீட்டினார். யாரிடமும் போகாதவள் தாவிப்போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த பழம் பழுத்ததும் மகள் அதைப் பறித்துக்கொண்டு கீழே ஓடினாள். அக்கா ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “அய்யோ கண்ணு, இந்தப் புளிப்பையா சாமிக்கு வெச்சேன்!” மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறோம். மாடியில் எது முதலில் பழுத்தாலும் மகள் எங்களைத் தொடவிடுவதில்லை. அக்காவின் பேரைச் சொல்லிக் கோயிலில் வைத்துவிட்டு, அவருக்குப் போன் போட்டுச் சொல்கிறாள். எங்களைக் கேட்காமல் பழத்தைப் பறித்த அந்தக் கைதான் என் பிள்ளைக்காகக் கும்பிட்ட கை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கண் நிறைந்துவிடுகிறது.